நெத்திலி மேலே ஓடிய காலை

நானா,

இன்றைக்கென்று பார்த்துத்தான் பக்கத்து வீட்டு அக்காள் கூனி இறாலைக் காயப்போட்டாள். அஸர் தொழுகைக்குப் பிறகு என் மகள் பாத்துமாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நான் கூடத்தை இரண்டு தரம் கழுவி, ஜன்னல் திரையை மாற்றி, சாம்பிராணி போட்டு வைத்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பாய் பாயாக விரித்து, உப்பில் ஊறிய கூனியை இடித்துப் பரப்பியிருக்கிறாள். பெலாச்சான் போடுகிறாளாம், அதுதான் அந்தக் கூனி விழுது. கஜா பெராங் தெரு முழுக்க நாறினாலும் அவளுக்கு என்ன!

சண்டை பிடிக்கத்தான் போனேன். தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்துவிட்ட செட்டி வீட்டு ஆட்களுக்குச் சாமி பெயரையும் முறைப் பெயரையும் விட்டால் தமிழில் ஒன்றும் வராது. அதனால் திட்ட வேண்டிய மலாய்ச் சொற்களை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். வேலியருகே போனதும் காற்று திரும்பியது. வெதுவெதுப்பாக, ஈரமாக, அழுகின கூனி வாடை முகத்தில் வந்து அடித்தது. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

"கெனாப்பா, அடேக்?" என்று அக்காள் ஓடி வந்து தோளைப் பிடித்தாள். என்ன ஆச்சு என்று கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல? பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நம் சம்பான் படகின் மேல் விழுந்த மூச்சு இப்போது திரும்ப வந்து அடிக்கிறது என்றா?

பெண் பார்க்க வந்தவர்கள் வந்து, போயும்விட்டார்கள். நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் மேல் எனக்கிருக்கிற கோபத்தைக் கொட்டித் தீர்க்க வேண்டும்.

நீங்கள் புளுகுவீர்கள், நானா. மவுத்தாகி மண்ணுக்குள் போன அண்ணனைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் உங்கள் மீன் குழம்பைத் தின்று வெள்ளைக்காரக் கப்டன் தேம்பித் தேம்பி அழுதான் என்று சொன்னது யார்? கொழும்பில் ஒரு யானை உங்கள் தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டது என்று சொன்னது யார்? கப்பலில் சமைக்கிற பண்டாரி வேலை பார்த்துவிட்டு வருஷத்துக்கு ஒரு தரம் மலாக்காவுக்கு வருவீர்கள். வந்த அன்றே தெருவில் பாதிப் பேர் நம் வீட்டுக் கூடத்தில் இருப்பார்கள். உம்மா அடுப்படியிலிருந்தே, "ஆரம்பிச்சிட்டான்யா என் மவன்" என்று சிரிப்பார்கள். நீங்கள் பொய் சொல்லும்போது இடது கண்ணின் ஓரம் சிரிக்கும். அது உம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

அந்தக் கண்ணை நம்பித்தான் சொல்கிறேன். திமிங்கிலக் கதை சொன்ன அன்று அது சிரிக்கவில்லை.

உங்களுக்குத் தன் பெண்ணைக் கொடுக்கலாமா என்று, டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த அந்தப் பெரியவர் மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார். வாயை மூடிக்கொண்டு பசியாறியிருந்தால் அன்றைக்கே வாக்குக் கொடுத்திருப்பார். அவர் சும்மா மரியாதைக்கு, "கடல்ல என்ன என்ன பாத்தீங்க தம்பி?" என்று கேட்டார். போதாதா உங்களுக்கு?

"தெக்குக் கடல்ல ஐஸு மலை மலையா மிதக்கும் மாமா. திமிங்கிலத்துல எண்ணெ எடுக்குற கப்பலுங்களுக்கு நாங்க கரி கொண்டுபோனோம். ஒரு நா கழுவுன தண்ணிய ஊத்தலாம்னு வெளிய வந்தா, கடல் மேல ஒரு காத்துக் கொப்புளம். அது பக்கத்துல இன்னொண்ணு. பாத்துக்கிட்டே இருக்கேன், வட்டமா சுத்தி வருது."

சொன்னால் விளங்காது என்று எழுந்து போய் ஒரு வட்டையில் தண்ணீர் கொண்டுவந்தீர்கள். ஒரு பிடி தவிட்டை அதில் தூவினீர்கள். கொல்லையில் பப்பாளித் தண்டு ஒன்றை வெட்டி, அதன் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, ஊதிக்கொண்டே வட்டமாகச் சுற்றினீர்கள். கொப்புளம் வளையமாக எழும்ப எழும்ப, தவிடெல்லாம் நடுவில் போய் ஒதுங்கியது.

"கீழ அது சுத்திக்கிட்டே மூச்ச வுடுது மாமா. கொப்புளம் சுவராட்டம் எழும்புது. அங்க கூனி மாதிரி செவப்பா பொடி எறாலு, கோடி கோடியா. அது அந்தச் சுவரத் தாண்டாது. நடுவுல போய் அடஞ்சுக்கும். அப்பப் பாருங்க..."

அடுப்படி அகப்பை ஒன்றை வட்டையின் அடியில் விட்டு ஒரே தூக்காகத் தூக்கினீர்கள். தண்ணீர் தெறித்து அவருடைய வெள்ளைச் சட்டையெல்லாம் தவிடு. நீங்கள் அதைக்கூடக் கவனிக்கவில்லை. "வாயில பல்லே இல்ல மாமா! மேல் தாடையில தொடப்பத்தக் கட்டித் தொங்கவுட்ட மாதிரி இருக்கு. தொண்ட உப்பி மடிப்பு மடிப்பா விரியுது. அப்புறம் வாய மூடிக்கிட்டு, தண்ணிய மட்டும் அந்தத் தொடப்பம் வழியா வெளிய தள்ளிட்டு, உள்ள இருக்குறத முழுங்கிடுது."

பெரியவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டே, "மலையத்தனை மீனு. கூனியத் தின்னு உசுரு வளக்குதாக்கும்?" என்றார்.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன், நானா. உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தேன். மூன்றாம் நாள் ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார்கள், வாய் நிறையப் பொய் வைத்திருக்கிற பையனுக்குப் பெண் இல்லை என்று. அதற்குப் பிறகு நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து கதை சொன்னதில்லை. தெருப் பிள்ளைகள் மட்டும் உங்களைப் பார்த்தால் பின்னால் நின்று வாயைப் பிளந்து காட்டின.

ஆறு மாதம் கழித்துத்தான் தீவுக்குப் போனோம். பாத்துமா மூன்று வயதாகியும் நடக்காமல் இருந்தாள். நடந்தால் தீவு தர்காவில் மஞ்சள் சோறு ஆக்கிப் போடுவதாக என் வீட்டுக்காரர் நேர்ச்சை வைத்திருந்தார். நடந்துவிட்டாள். ஆனால் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தாள். தூக்கினால் கை கனக்காது. அதனால் அவளை மடியை விட்டு இறக்கவே எனக்குப் பயம்.

உம்பாய் கரையில் மலாய்ப் படகோட்டி பாக் மாட்டின் சம்பானில் ஏறினோம். பின் துடுப்பில் அவர், முன் துடுப்பில் நீங்கள். நடுவில் நான், மடியில் பாத்துமா, எதிரில் என் வீட்டுக்காரர், அவர் காலடியில் சோற்றுப் பானை. காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. தீவு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, கிட்டே வரவில்லை.

பாதி வழியில் ஆலாப் பறவைகள் கூட்டமாக வந்தன. அப்புறம் சம்பானைச் சுற்றி மழை பெய்வது போல ஒரு சத்தம். பார்த்தால் நெத்திலி! தண்ணீர் தெரியாமல் நெத்திலி. வெள்ளி வெள்ளியாகத் துள்ளி, சம்பானுக்குள்ளேயே விழுந்தது. பாத்துமா கையைத் தட்டினாள். பாக் மாட் துடுப்பைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, "ரெஸ்கி! ரெஸ்கி!" என்று அல்லாஹ் படியளந்ததைச் சொல்லிக் கத்தினார். என் வீட்டுக்காரருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"பாத்தியா? தர்காவுல இருக்குற அவுலியா நம்மள வரவேற்குறாங்க. நேர்ச்ச கபூலாயிடுச்சு, ஏத்துக்கிட்டாங்க."

நேர்ச்சைக்குப் போகிற வழியில் கடல் தானாக மடியில் கொண்டுவந்து கொட்டினால் நம் ஆட்கள் வேறு என்ன நினைப்பார்கள்? பானையைத் திறந்து ஒரு கைப்பிடி மஞ்சள் சோற்றைத் தண்ணீரில் தூவினார். கையை ஏந்தி பாத்திஹா ஓத ஆரம்பித்தார். பாக் மாட்டும் கையை ஏந்தினார். நானும் ஏந்தினேன். சம்பான் அந்த மீன் கூட்டத்துக்கு நட்டநடுவில் நின்றது.

நீங்கள் மட்டும் கையை ஏந்தவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மாப்ள, நிறுத்துங்க. துடுப்ப எடுங்க."

துவாவின் நடுவில் பேசினால் யாருக்குத்தான் கோபம் வராது? அவர் கண்ணை மூடிக்கொண்டே தலையை ஆட்டி, பேசாதீர்கள் என்று காட்டினார்.

"பாக் மாட்! சப்பாட்! சப்பாட்!" சீக்கிரம், சீக்கிரம் என்று மலாயில் கத்தினீர்கள். அவர் அசையவில்லை. நீங்கள் உங்கள் துடுப்பைப் போட்டீர்கள். ஒற்றைத் துடுப்புக்குச் சம்பான் போகுமா? நின்ற இடத்திலேயே சுற்றியது. என் வீட்டுக்காரர் எட்டி உங்கள் துடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், என்ன காரியம் பண்றீங்க? துவாவ முறிக்கிறீங்களே!"

"கீழ என்னமோ இருக்கு மாப்ள. கைய வுடுங்க."

"இங்கயும் உங்க திமிங்கிலமா?"

அப்போதுதான் நானும் வாயைத் திறந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "எங்க நானா உங்க வளையம்? எங்க கொப்புளம்? நேர்ச்சைக்கு வந்த எடத்துலயுமா உங்க புளுகு?" என்று கேட்டேன்.

நீங்கள் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, சோறு வெந்ததா என்று கேட்கிற மாதிரி சொன்னீர்கள். "வளையம் இல்ல புள்ள. எனக்கும் வெளங்கல. ஆனா பயந்த மீனு கீழதானே ஓடணும்? மேல பறவ கொத்துது, அப்பவும் இது மேலயே ஓடியாருது. பறவைய வுடப் பெரிய பயம் ஒண்ணு கீழ இருக்கு."

உங்கள் கண்ணைப் பார்த்தேன். ஓரத்தில் சிரிப்பில்லை.

எனக்குத் திமிங்கிலத்தில் நம்பிக்கை வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கண்ணைத்தான் நம்பினேன், அவ்வளவுதான். பாத்துமாவைத் தூக்கி என் வீட்டுக்காரர் மடியில் திணித்தேன். பிள்ளையைப் பிடிக்க அவர் உங்கள் துடுப்பை விட வேண்டியதாயிற்று. பாக் மாட் போட்டு வைத்த துடுப்பை எடுத்துக்கொண்டேன். ஆயுசில் துடுப்பைத் தொட்டதில்லை நான்.

"என்னப் பாத்துப் போடு. நான் இழுக்குறப்ப இழு," என்றீர்கள். இழுத்தேன். கட்டையில் நீட்டிக்கொண்டிருந்த சிலாம்பு உள்ளங்கையைக் கிழித்தது. மறுபடி இழுத்தேன். "ம். இன்னொண்ணு. ம். இன்னொண்ணு." பாக் மாட் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சத்தமாக ஓதினார். எத்தனை இழுப்பு என்று எனக்குத் தெரியாது. மழைச் சத்தம் பின்னால் போனது. நெத்திலி நம் பக்கத்தில் இல்லை, நாம் முன்பு நின்றிருந்த இடத்தில் மட்டும் கொதித்தது.

அப்புறம் அந்த இடம் மேலே எழும்பியது.

முதலில் பாறை என்று நினைத்தேன். பிறகு அது இரண்டாகப் பிளந்தது. நானா, நம் வீட்டுக் கூடத்தின் வாசலைவிட அகலமான வாய். உள்ளே மேலண்ணம் இளஞ்சிவப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் துடைப்பம் துடைப்பமாகத் தொங்கியது. நெத்திலி அருவி மாதிரி உள்ளே விழுந்தது. தொண்டை மடிப்பு மடிப்பாக விரிந்துகொண்டே போயிற்று. ஆலாக்கள் அதன் வாய்க்குள்ளேயே பாய்ந்து கொத்திவிட்டுப் பறந்தன. அது அவசரமே படவில்லை. மெல்ல வாயை மூடியது. மூடின வாயின் ஓரமெல்லாம் தண்ணீர் பீய்ச்சியது. அமிழ்வதற்கு முன்னால் ஒரு மூச்சு விட்டது. அந்த மூச்சுதான், அழுகின கூனி வாடையும் வெதுவெதுப்பான சாரலுமாக நம் மேல் விழுந்தது.

அது கிளப்பிய அலையில் சம்பான் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சோற்றுப் பானை உருண்டு கடலுக்குப் போனது. பாத்துமா போகவில்லை. பாக் மாட், "பாவுஸ்... பாவுஸ்..." என்று திமிங்கிலத்தின் மலாய்ப் பெயரையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் துடுப்பைப் பிடித்தபடி என்னிடம் சொன்னீர்கள், "இது வேற ஜாதி. இது வளையம் போடல. ஆனா வாயி அதே வாயிதான். பாத்தியா?"

பார்த்தேன் என்று தலையாட்டினேன்.

கரையில் கூட்டம் கூடியது. நீங்கள் சொல்ல வாயெடுத்தீர்கள். அதற்குள் என் வீட்டுக்காரர் அழுதுகொண்டே சொல்லிவிட்டார்: மச்சான் துவாவை முறித்தார், கடல் பொங்கியது, நேர்ச்சைப் பிள்ளை சம்பானில் இருந்ததால் அவுலியா காப்பாற்றினார். பாக் மாட் ஆமாம் போட்டார். எல்லோரும் உங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

நான் உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, "வுட்டுடுங்க நானா. அவருக்கும் எனக்கும் சண்ட வந்துடும்," என்றேன்.

அல்லாஹ்தான் காப்பாற்றினான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கையால் காப்பாற்றினான். அதை ஒரு வார்த்தை சொல்ல என்னால் முடியவில்லை. புருஷனை ஊர் முன்னால் பொய்யனாக்க எனக்குத் தைரியமில்லை, உங்களை ஆக்கிவிட்டேன்.

அந்த வாரமே கப்பல் பிடிக்க சிங்கப்பூருக்குக் கிளம்பினீர்கள். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னீர்கள்: "நான் சொன்னா புளுகு. நீ சொன்னா சாட்சி. எப்ப முடியுதோ அப்பச் சொல்லு புள்ள." திரும்பி வரவே இல்லை. இரண்டு வருஷம் கழித்து, பம்பாயில் காய்ச்சல் கண்டு மவுத்தாகி அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகக் கூட வேலை செய்தவர் எழுதியிருந்தார். எப்போது முடியுமோ அப்போது என்று எனக்குத் தவணை கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்களே, அதுதான் என் கோபம். அன்றைக்கே என்னை நாலு அறை அறைந்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன்.

இனி இன்றைக்கு நடந்தது.

மாப்பிள்ளை வீட்டில் அவருடைய தாயும், தாய்மாமாவும், இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். ஜன்னலை மூடியும் கூனி வாடை கூடத்துக்குள் வந்துவிட்டது. அந்தப் பெண்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். பேச்சை மாற்ற வேண்டுமே என்று என் வீட்டுக்காரர் வழக்கமான கதையை எடுத்தார். பாத்துமா நேர்ச்சைப் பிள்ளை. அவளுக்காகக் கடலே பணிந்தது. மீனரசனே வந்து சலாம் சொன்னான். பதினைந்து வருஷத்தில் கதை அப்படி வளர்ந்திருக்கிறது. "அன்னிக்கு என் மச்சான் ஒருத்தர் துவாவ முறிச்சாரு. அதான் அந்தச் சோதன வந்துச்சு," என்றார்.

திரைக்குப் பின்னால் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றிருந்தேன். என் பக்கத்தில் பாத்துமா, தலை குனிந்து, உள்ளே போகத் தயாராக. இந்தச் சம்பந்தம் அவளுக்குப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தால் கெட்டுப்போகலாம். உங்களுக்கு இதே கூடத்தில் கெட்ட மாதிரி.

அந்த வாடை இன்னொரு தரம் வந்தது. நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"அவரு துவாவ முறிக்கலேன்னா இன்னிக்கு நீங்க பாக்க வந்த பொண்ணு இல்ல," என்றேன்.

என் வீட்டுக்காரர், "ஏய்..." என்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் இன்னொரு பதினைந்து வருஷம் ஆகும். நெத்திலி மேலே ஓடியதைச் சொன்னேன். எல்லோரும் கையேந்தியிருக்க என் நானா மட்டும் தண்ணீரைப் பார்த்ததைச் சொன்னேன். உள்ளங்கைத் தழும்பைக் காட்டினேன். "மூக்கப் பொத்திக்கிட்டிருக்கீங்களே, இந்த வாடதான். அது மூச்சு வுட்டா இந்த வாட வரும். நாங்க நின்ன எடத்துல அது வாயத் தொறந்துச்சு. நாங்க அங்க இல்ல. ஏன்னா எங்க நானா துடுப்புப் போட்டாரு."

தாய்மாமா செருமினார். மாப்பிள்ளையின் தாய் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தார். மெதுவாக ஒரு மூச்சை இழுத்து, அந்த வாடையை முகர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார், "அவங்க பேரு என்ன?"

உங்கள் பெயரைச் சொன்னேன், நானா. முழுப் பெயரை, வாப்பா பெயரையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை பதில் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். நல்ல பதிலோ கெட்ட பதிலோ, தெரியாது. பாத்துமா கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். அவள் என் உள்ளங்கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழவில்லை. திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் பாக்கவே இல்ல," என்றார். "புள்ள மூஞ்சிய நெஞ்சுல அமுக்கிக்கிட்டு கண்ண இறுக்கி மூடிட்டேன். தண்ணி வுழுந்துச்சு, வாட அடிச்சுச்சு. அவ்ளோதான் எனக்குத் தெரியும். கண்ணத் தொறந்தப்ப கடல் சும்மா கெடந்துச்சு." பிறகு தலையைத் தூக்கி, "அது எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் பாத்துமா எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஒரு வட்டையில் தண்ணீரும் ஒரு பிடி தவிடும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அந்தக் கதையை உம்மா அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போல. கொல்லைக்குப் போய்ப் பப்பாளித் தண்டை நானே வெட்டிக்கொண்டு வந்தேன். நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, உங்களைப் போலவே ஊதிக்கொண்டு சுற்றினேன்.

எனக்கு வளையம் சரியாக வரவில்லை, நானா. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.